அடிப்பூச்சு

வீட்டின் முன் நிற்பவர் சுவரின் வண்ணத்தைப் பார்க்கிறார். அந்த வண்ணத்தைத் தாங்கி நிற்கும் முதற்பூச்சை எவரும் பார்ப்பதில்லை. இரும்புக் கதவுக்கு ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு, "இது நன்றாகக் காயட்டும், நாளை மறுநாள் வருகிறேன்" என்று கிளம்பும் வண்ணக்காரரிடம், "இன்றே முடித்துவிடக் கூடாதா?" என்று கேளாத வீட்டுக்காரர் நம்மில் எத்தனை பேர்? மறையப் போகும் ஒன்றுக்கு இத்தனை நேரம் எதற்கு என்பதே நம் எல்லோருடைய எண்ணமும். அந்த எண்ணத்தோடு நெடுநாள் வாழ்ந்த என்னை அடிப்பூச்சைப் பற்றிச் சிந்திக்க வைத்தவர் ஒரு முதியவர். அவர் தம் வீட்டுக் கராஜில் ஆகாய விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

நான் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் மகள் குடும்பத்தோடு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறாள். 2017ஆம் ஆண்டின் கோடையிலும் இலையுதிர் காலத்திலும், மறுபடியும் 2018ஆம் ஆண்டின் வசந்தத்திலிருந்து கோடை முடியும்வரையிலும் அவள் வீட்டில் தங்கியிருந்தேன். பகலெல்லாம் அவரவர் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட, தனித்திருந்த எனக்குத் துணையானவர் அடுத்த வீட்டுப் பெரியவர். அப்போது அவருக்கு வயது எழுபத்திரண்டு. பாலங்களைச் சோதிக்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஆசிரியர் என்று அறிந்த நாள் முதல் என்னைப் "புரொஃபசர்" என்றே அழைத்தார், மறுத்துப் பயனில்லை.

வீட்டில் விமானம் கட்டுவது நமக்கு விந்தையாகத் தோன்றலாம். அந்த மாநிலத்தில் அது புதிதன்று. 1953ஆம் ஆண்டில் பால் போபெரெஸ்னி என்பவர் விஸ்கான்சினின் மில்வாக்கி நகரில், தாமே விமானம் கட்ட விரும்புவோருக்காகப் பரிசோதனை விமானச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதன் ஆண்டு விழா 1970 முதல் ஆஷ்காஷ் நகரில் நடைபெறுகிறது. ஜூலை மாத இறுதியில் அந்தச் சிற்றூரை நோக்கி ஆயிரக்கணக்கான விமானங்கள் பறந்து வருகின்றன. விமானத்தைக் கட்டும் வேலையில் பாதிக்கு மேற்பட்ட பங்கைப் பயிற்சிக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தனி மனிதரே செய்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விமானத்துறையின் விதி. பாகங்களின் தொகுதியை நிறுவனத்திடம் விலைக்கு வாங்கலாம். துளையிடுவதும் தூய்மை செய்வதும் பூசுவதும் ரிவெட் அடிப்பதும் கட்டுபவரின் வேலை. இது தொழிற்சாலையில் செய்த விமானம் அன்று, அதற்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதும் அன்று என்று ஏறி அமர்பவர் கண்ணில் படும்படி எச்சரிக்கைப் பலகை ஒன்றும் உள்ளே பொருத்தப்பட வேண்டும். செய்தவரை நம்பியே ஏற வேண்டும் என்பதுதானே அதன் பொருள்?

பெரியவர் வாங்கியிருந்தது ஆரிகன் மாநிலத்தில் 1970களில் தோன்றிய ஒரு நிறுவனத்தின் இருவர் அமரும் அலுமினிய விமானம். முதலில் வருவது வால்பகுதி. சிறியது, செய்து பழகுவதற்கு ஏற்றது. நான் போயிருந்தபோது அந்த வால்பகுதியே கராஜில் பாதி உருவாகிக் கிடந்தது.

தூய அலுமினியம் விமானத்துக்கு உதவாது, அது மென்மையானது. 1906ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் என்பவர், சிறிதளவு செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தால் அது நாளடைவில் தானே உறுதி பெறுவதைக் கண்டார். அந்தக் கண்டுபிடிப்பின் வழித்தோன்றலே இன்றைய விமானத் தகடு. ஆனால் உறுதி தந்த செம்பே அதற்குப் பகையுமாயிற்று. செம்பு கலந்த அலுமினியத்தை ஈரமும் உப்பும் எளிதில் அரிக்கின்றன. ஆகவே தகட்டின் இரு முகங்களிலும் தூய அலுமினியத்தால் மெல்லிய போர்வை ஒன்றை ஆலையிலேயே சேர்த்து உருட்டுகிறார்கள். வெட்டிய ஓரங்களிலும் துளைகளின் உட்சுவரிலும் அந்தப் போர்வை இருக்காது. தகட்டின் மேல் தகடு வைத்து ரிவெட் அடிக்கும் இடுக்கில் ஈரம் தங்கினால் வெளியேற வழி கிடையாது. அந்த இடங்களைக் காப்பதற்காகவே எபாக்ஸி அடிப்பூச்சு.

"போர்வையே போதும், அடிப்பூச்சு வீண் பாரம்" என்று கூறும் கட்டுநர்களும் இருக்கிறார்கள். உலர்ந்த நாட்டில், கூரையின் கீழ் நிறுத்தப்படும் விமானத்துக்கு அவர்கள் சொல்வது பெரும்பாலும் பொருந்தும். அடிப்பூச்சே பூசப்படாமல் பல பத்தாண்டுகள் பறந்த விமானங்கள் உண்டு. பெரியவர் அந்த வாதத்தில் இறங்கவே இல்லை. "என் பேத்தி இதை ஓட்டுவாள். அவள் எந்தக் கடற்கரையில் குடியிருப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்பதே அவருடைய ஒரே விடை.

அவர் பூசும் நாள் ஒரு சடங்கைப் போல் ஒழுங்கோடு நடக்கும். முதலில் தகட்டை நார்த்துண்டால் தேய்த்து மெருகைப் போக்குவார். பிறகு கழுவி, அதன்மேல் நீரை வழிய விடுவார். நீர் முத்து முத்தாகத் திரண்டால் எங்கோ எண்ணெய் இருக்கிறது. விரல் பட்ட இடமாகவும் இருக்கலாம். முழுத் தகட்டிலும் ஒரே படலமாக அறுபடாமல் வழிந்தால்தான் தூய்மை. இரண்டு முறை, மூன்று முறை கழுவிய தகடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். அதன் பின் கையுறை இல்லாமல் அதைத் தொடமாட்டார்.

அடுத்தது கலவை. நம் இல்லங்களில் உடைந்த பீங்கானை ஒட்ட அரால்டைட் வாங்குகிறோம். இரண்டு குழாய்கள், ஒன்று பிசின், மற்றது இறுக்கி. எபாக்ஸி அடிப்பூச்சும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. 1930களில் சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டன் என்பவர் பொய்ப்பல் செய்வதற்கு ஏற்ற பொருளைத் தேடியபோது இந்தப் பிசின் உருவாயிற்று. அந்த உரிமையைப் பெற்ற சீபா நிறுவனம் 1946இல் அரால்டைட் என்ற பெயரில் ஒட்டுபசையை வெளியிட்டது. பல்லுக்காகத் தேடியது விமானத்துக்கும் வந்து சேர்ந்தது.

பெரியவரிடம் இரண்டு தகர டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் நிறமியோடு கூடிய பிசின். நாள்பட நிற்கும்போது நிறமி அடியில் களிமண்ணாகப் படிந்துவிடும். மேலே தெளிந்த திரவம் மட்டும் நிற்கும். அரிப்பைத் தடுக்கும் குரோமேட்டு உப்பு அந்த அடிமண்டியில்தான் இருக்கிறது. மேலாக ஊற்றிப் பூசினால் தகட்டின் மேல் நிறமும் இருக்காது, காவலும் இருக்காது. ஆகவே தட்டையான குச்சியால் அடியைச் சுரண்டிச் சுரண்டி, குச்சியின் நுனியில் கட்டி எதுவும் வராத வரையில் கலக்குவார். பத்து நிமிடம் ஆகும். எனக்குக் கை வலித்தது. அவருக்கு வலித்ததாகத் தெரியவில்லை. இறுக்கி இருந்த மற்ற டப்பாவுக்கு வேறு குச்சி. ஒன்றில் தோய்ந்தது மற்றதைத் தொடலாகாது.

அவர் வாங்கிய வகைக்கு அளவு ஒன்றுக்கு ஒன்று. வேறு சில வகைகளுக்கு இரண்டுக்கு ஒன்று. இங்கே என் பழைய பாடம் எனக்கே புதிதாக விளங்கிற்று. இறுக்கியைக் கூடுதலாக ஊற்றினால் விரைவில் இறுகும் என்று பலர் நினைக்கிறார்கள். சிமெண்டைக் கூட்டிப் போட்டால் சுவர் உறுதிப்படும் என்ற நினைப்பு அது. எபாக்ஸியில் அப்படி நடப்பதில்லை. பிசினின் ஒவ்வொரு எபாக்சைடு வளையமும் இறுக்கியிலுள்ள அமீனின் ஒரு ஹைட்ரஜனோடு கைகோக்கிறது. மிகுதியாக வந்த கைகள் பற்றுவதற்கு எதுவும் இன்றி வெறுமனே நிற்கும். பூச்சு மென்மையாகவே இருந்து ஈரத்தை உள்ளே அழைக்கும். குறைவும் கேடு, மிகையும் கேடு.

கலந்த உடனே பூசக் கூடாது. அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிசினும் இறுக்கியும் முதலில் முழுமையாக ஒத்துப்போவதில்லை. தொடக்க வினை சற்று நடந்து, இரண்டும் ஒன்றுக்கொன்று இசைந்த பிறகே பூச்சு சீராக அமையும்; இல்லையேல் அமீன் மேற்பரப்புக்கு வந்து மெழுகுபோலப் படியும். அந்த அரை மணி நேரம் பெரியவரும் நானும் கராஜின் வாசலில் இரண்டு முக்காலிகளில் அமர்ந்திருப்போம். பேச்சு எங்கெங்கோ போகும். ஒரு நாள் அவர் உள்ளே போய் மஞ்சள் பூத்த கோப்பு ஒன்றை எடுத்து வந்தார். 1988ஆம் ஆண்டு ஹவாயில் நடந்த விபத்தின் விசாரணை அறிக்கை.

ஏப்ரல் 28 அன்று ஹிலோவிலிருந்து ஹொனலூலுவுக்குப் பறந்த அலோகா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானம், 24,000 அடி உயரத்தில் தன் கூரையில் ஏறத்தாழ 18 அடி நீளத்தை இழந்தது. பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு உயிரிழந்தார். 65 பேர் காயமடைந்தனர். விமானிகள் அதை மாவி தீவில் இறக்கி மற்றெல்லோரையும் காத்தது இன்றும் வியப்போடு பேசப்படுகிறது. அந்த விமானம் 1969இல் செய்யப்பட்டது. 89,680 முறை பறந்திருந்தது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் மூட்டுகளில் ஒட்டு விட்டுப்போனதையும் களைப்பு விரிசலையும் பராமரிப்பில் கண்டுபிடிக்கத் தவறியதே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. பெரியவர் கோடிட்டு வைத்திருந்த இடம் வேறு. அந்த மூட்டுகளை ஒட்டியது எபாக்ஸி தோய்த்த துணி. அதை உறைகுளிரில் சேமித்து, எடுத்த பின் குறித்த நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். குளிர்ந்த துணியில் ஈரம் வியர்த்தாலோ, வெளியே நெடுநேரம் கிடந்து முன்கூட்டியே இறுகத் தொடங்கினாலோ ஒட்டு உறுதியாக அமையாது. அந்த முறையை நிறுவனம் 1972இல் கைவிட்டது. அதற்கு முன் செய்தவை பறந்துகொண்டிருந்தன.

"பார்த்தீர்களா, புரொஃபசர்? ஒரு சுருள் துணியை எங்கே வைத்தார்கள், எத்தனை நேரம் வெளியே வைத்தார்கள் என்ற கேள்வி பத்தொன்பது ஆண்டுகள் கழித்து வானத்தில் கேட்கப்பட்டது" என்றார். அதன் பிறகு வழக்கம்போலக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணி ஆகிவிட்டது. முகமூடியை அணிந்துகொண்டு எழுந்தார்.

அந்த முகமூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிப்பூச்சிலுள்ள குரோமேட்டு விந்தையான காவலன். பூச்சில் கீறல் விழுந்து ஈரம் புகுந்தால் அது சிறிதே கரைந்து கீறிய இடத்தைக் காக்கிறது. ஆனால் உலோகத்தைக் காக்கும் அதே ஆறிணைதிறக் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. ஆகவே தெளிக்கும்போது தக்க முகமூடி வேண்டும், கையுறை வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். பூசியதை உலர் தாளால் தேய்த்துத் தூசி எழுப்பலாகாது. மீந்த கலவையைத் திறந்த கிண்ணத்தில் கல்லாக இறுகவிட்டு, ஊராட்சி அபாயக் கழிவு பெறும் நாளில் சேர்ப்பிப்பார். சாக்கடையில் ஒரு துளியும் விட்டதில்லை.

கலந்தபின் சில மணி நேரமே அது உயிரோடிருக்கும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அந்த ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொதுக் கணக்கு. கெட்டிப்படத் தொடங்கிய கலவையில் தின்னர் ஊற்றினால் இளகியதுபோலத் தோன்றும். அது தோற்றமே. உள்ளே பின்னிய வலை பின்னியதே. தகட்டைப் பற்றும் ஆற்றல் குறைந்துபோயிருக்கும். அதனால் அவர் ஒருபோதும் நிறையக் கலந்ததில்லை. அன்றைக்கு எத்தனை பாகங்களோ அத்தனைக்கு மட்டும், மருந்துக் குவளையில் அளந்து ஊற்றுவார்.

2018ஆம் ஆண்டு ஏப்ரலில் நான் திரும்பிச் சென்றபோது வால்பகுதி ஏறத்தாழ முடிந்திருந்தது. மே மாதத்தின் ஒரு காலையில் அவர் இறுக்கி டப்பாவைத் திறந்தார். மூடியின் விளிம்பில் வெண்மையான பொருக்கு படிந்திருந்தது. முந்தைய இலையுதிர் காலத்தில் திருப்புளியால் நெம்பித் திறந்தபோது விளிம்பு ஓரிடத்தில் நெளிந்திருக்கிறது. அதன்பின் மூடி முழுதாகப் பொருந்தவில்லை. இறுக்கியிலுள்ள அமீன், காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் பற்றிக்கொள்ளும்; கரைப்பானும் ஆவியாகி அளவு மாறும். பழுதான இறுக்கியை இனிப் பயன்படுத்த முடியாது என்பது எளிய செய்தி. ஏற்கெனவே பயன்படுத்தியதை என்ன செய்வது?

அவர் தம் பணிப்பதிவேட்டை எடுத்தார். எந்த நாள், எந்த டப்பா, எந்தப் பாகம், அன்றைய வெப்பம் என்ன என்று எல்லாம் அதில் இருந்தன. விளிம்பு நெளிந்திருக்கக்கூடிய நாளுக்குப் பின் பூசியவை பதினான்கு விலாச்சட்டங்கள். எட்டு இன்னும் தனியே கிடந்தன. ஆறு ரிவெட் அடித்து மூடப்பட்டுவிட்டன. தனியே கிடந்தவற்றைக் கரைப்பான் தோய்த்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தார். முழுதாக இறுகிய எபாக்ஸி அசையாது. முதல் மூன்றும் அசையவில்லை. நான்காவதைத் துடைத்த துணி பச்சையாகி வந்தது. ஐந்தாவதும் அப்படியே.

அன்று மாலை விமானம் கட்டும் நண்பர் ஒருவர் வந்திருந்தார். அனுபவம் மிக்கவர். "விட்டுவிடுங்கள். தகட்டின் போர்வை இருக்கிறது. இந்த வால் உங்கள் காலத்துக்கும் என் காலத்துக்கும் அப்பால் நிற்கும். ரிவெட்டைக் கழற்றினால் துளை பெரிதாகும், அது இதைவிடக் கேடு" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. சோதிக்க வருபவர் மூடிய பெட்டிக்குள் பார்க்கவும் முடியாது. பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பூசாமல் விட்டிருந்தால் நானும் விட்டுவிடுவேன். இறுகாத பூச்சு ஈரத்தைக் குடித்து உள்ளேயே வைத்திருக்கும். பேத்தியிடம் பதிவேட்டைக் கொடுக்கும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டா கொடுப்பேன்?" என்றார்.

எழுபத்து மூன்று வயதில் மூன்று மாதம் சிறிய காலம் அன்று. அவர் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. விமானியின் மருத்துவத் தகுதி எத்தனை ஆண்டு நீடிக்கும் என்ற கவலையும் இருந்தது. தாம் பறப்பதற்கா, பேத்தி பறப்பதற்கா என்ற கேள்வி அந்த மேசையின் மேல் கிடந்தது. அவர் துணைவியார் அதுவரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ரிவெட் அடிக்க இருவர் வேண்டும். ஒருவர் துப்பாக்கியை இயக்க, மற்றவர் மறுபுறம் கனத்த இரும்புக்கட்டியை அணைத்துப் பிடிக்க வேண்டும். அந்த ஆறு சட்டங்களுக்கும் இரும்பைப் பிடித்தவர் அவர்தாம். உள்ளே வந்து, கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, "எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது?" என்று கேட்டார். அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை.

ரிவெட்டுகளின் தலையைத் துளைத்து ஒவ்வொன்றாகத் தட்டி எடுக்க இரண்டு வாரம் ஆயிற்று. நண்பர் அஞ்சியபடி இரண்டு துளைகள் பெரிதாயின. அதற்கென்றே உள்ள சற்றுப் பெரிய ரிவெட்டுகளை வரவழைத்தார்கள். பூச்சைக் கரைத்து நீக்கி, மறுபடி கழுவி, நீரை வழியவிட்டு, புதிய டப்பாவைத் திறந்தார். கலந்தபின் அதே அரை மணி நேரம். அந்த முறை நாங்கள் மூவர் அமர்ந்திருந்தோம்.

சேமிப்பு முறையிலும் மாற்றம் வந்தது. ஒவ்வொரு முறையும் ஊற்றியபின் விளிம்பின் பள்ளத்தைத் துணியால் துடைத்துச் சுத்தி கொண்டு வட்டமாகத் தட்டி மூடினார். திருப்புளி போய், மூடி திறக்கும் கருவி வந்தது. திறந்த தேதி டப்பாவின் மேலேயே எழுதப்பட்டது. குளிர்காலத்தில் கான்கிரீட் தரையில் வையாமல், அடுப்புச் சுடர் எதுவும் இல்லாத அறையின் அலமாரியில் வைத்தார். மாதம் ஒரு முறை பிசின் டப்பாவைத் தலைகீழாகத் திருப்புவார், நிறமி அடியில் உறையாதிருக்க. நெளிந்த அந்தப் பழைய மூடியை மட்டும் கழுவி ஆணியில் மாட்டி வைத்திருந்தார்.

நான் ஊர் திரும்பிய பின் அவர் அனுப்பிய புகைப்படத்தில் வால்பகுதி முடிந்து, பளபளவென்று நிற்கிறது. அதனுள் பச்சைப்பூச்சு எங்கே இருக்கிறது, எது முதலில் பூசியது, எது மறுபடி பூசியது என்று பார்ப்பவர் எவருக்கும் தெரியாது. பதிவேட்டில் மட்டும் இருக்கிறது.

என் ஆசிரிய வாழ்வை எண்ணும்போது இப்போது அந்தக் கராஜும் நினைவில் சேர்ந்துகொள்கிறது. குழந்தைக்கு நாம் தரும் முதல் வார்த்தைகள், மாணவனுக்குச் சொல்லித்தந்த முதல் கணக்கு, மணமான புதிதில் இருவர் பழகிக்கொள்ளும் விதம் இவையெல்லாம் மேற்பூச்சின் கீழ் மறைந்துவிடுகின்றன. மறைந்தபின் அவற்றைச் சோதிக்க எந்த அதிகாரியும் வருவதில்லை. துணியில் பச்சை ஒட்டுவதைக் கண்டபின் ரிவெட்டைக் கழற்றலாமா, விட்டுவிடலாமா என்பதை அவரவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. கழற்றுவது என்று முடிவானால், மறுபுறத்தில் இரும்பைப் பிடிக்க ஒருவர் கையுறை மாட்டி வந்து நிற்பது பெரும் பேறு.